வக்கீல் எம்.எல்.ஏ. ஆகப் போகிறீர்களா? நான் பட்டதைச் சொல்கிறேன்

2016 முதல் 2021 வரை தமிழ்நாடு சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தேன். அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் தென் மாவட்டம் ஒன்றில் சிவில் வழக்குகள் நடத்தியவன். இப்போது மறுபடியும் அதே கோர்ட்டில்தான் இருக்கிறேன். கட்சியின் பெயரையும் தொகுதியின் பெயரையும் எழுதவில்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை என்பதால் அவை தேவையும் இல்லை. தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் இளம் வழக்கறிஞர்கள் யாராவது சேம்பருக்கு வந்து, "அண்ணே, இந்தத் தடவை சீட் கேட்கலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசினாலும் பாதியைத்தான் சொல்ல முடிகிறது. அதனால் மொத்தத்தையும் எழுதிவிடுகிறேன். நான் நின்றபோது எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. "சட்டம் படிச்சவனுக்குச் சட்டசபை என்னப்பா கஷ்டம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 1920-ல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரான சுப்பராயலு ரெட்டியார் வக்கீல், ராஜாஜி சேலத்தில் பெரிய வக்கீல், ஆர். வெங்கட்ராமன் வக்கீல், சபாநாயகராக இருந்த பி.எச். பாண்டியன் வக்கீல் என்று வரிசையாகப் பெயர் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ஜெயித்த மறுநாளிலிருந்து நம் கேஸ் கட்டுகள் என்னாகும், வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று அதில் ஒருவரும் பேசவில்லை.

முதலில் வேட்புமனு. என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அரசு ஊழியர் யாரும் வேட்பாளருக்குத் தேர்தல் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, வாக்கு எண்ணிக்கை முகவராகவோ இருக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவின்படி அது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நடத்தை விதிகளின்படி பிரசாரத்துக்கும் வர முடியாது. அதனால் வீட்டில் எனக்கு மிக நெருக்கமான ஒருவர், என் கணக்கு வழக்கு முழுவதும் தெரிந்தவர், அந்த ஒரு மாதமும் என் பக்கத்தில் நிற்க முடியாமல் போனது. இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு நடந்ததை அவரிடம் சொல்வேன், அவ்வளவுதான். கணவனோ மனைவியோ அரசு வேலையில் இருந்தால், தேர்தல் முகவராக யாரைப் போடுவது என்பதைச் சீட் கிடைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த ஆள் கட்சிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, கணக்கு எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

வேட்புமனு என்றால் படிவம் 2பி, அதோடு படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினருக்கு 5,000. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் ஏ, பி படிவங்கள் மனுத்தாக்கலின் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். மனுவைக் கொடுத்தபின் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஊர்வலக் களேபரத்தில் அதை மறந்தால் மனு நிற்காது. இதெல்லாம் எந்த வக்கீலும் ஒரு நாளில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது. உயிரை எடுப்பது படிவம் 26 தான். நம் பெயரில், துணையின் பெயரில், நம்மைச் சார்ந்தவர்கள் பெயரில் உள்ள சொத்து, கடன், வழக்கு, வருமானம் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விட்டு, அலுவலர் சுட்டிக்காட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். 2019-க்குப் பிறகு ஐந்து வருட வருமான வரி விவரமும் கேட்கிறார்கள். மறியல் போராட்டத்தில் போட்ட பழைய வழக்குகள் ஏதாவது நிலுவையில் கிடக்கிறதா என்று காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் விசாரித்துவிடுவது நல்லது.

நான் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். பிரச்சினை வேறு வழியில் வந்தது. என் மனைவிக்கு அவர் பிறந்த வீட்டு நிலத்தில் ஒரு பங்கு இருந்தது. தேர்தலுக்குப் பல வருடம் முன்பே அந்தப் பங்கை விட்டுக்கொடுத்துத் தன் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்துவிட்டார். பட்டா மாறுதலுக்கு என் மைத்துனர் மனு கொடுத்திருந்தார். ஆனால் கூட்டுப் பட்டாவில் என் மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. நம் ஊரில் இது எத்தனை குடும்பத்தில் நடக்கிறது என்று வக்கீல்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரம் ஒன்று சொல்லும், பட்டா இன்னொன்று சொல்லும், யாரும் கவலைப்படுவதில்லை. எம்.எல்.ஏ. ஆகிவிட்டால் கவலைப்படுவதற்கு ஓர் எதிர்வேட்பாளர் இருப்பார். ஆகவே இளம் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சீட் கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு பக்கக் குடும்பத்திலும் உங்கள் பெயரோ துணையின் பெயரோ இருக்கிற ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் பட்டா மாறுதலை முடித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

செலவுக் கணக்கு அடுத்தது. 2016-ல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 28 லட்சம், 2022 முதல் 40 லட்சம். மனுத்தாக்கல் செய்வதற்கு ஒரு நாளாவது முன்னதாகத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, எல்லாச் செலவையும் அதன் வழியாகச் செய்ய வேண்டும். ஒரே நபருக்கோ கடைக்கோ ரொக்கமாகக் கொடுக்க அப்போது 20,000 வரை அனுமதி, இப்போது 10,000 தான். கொடுக்கும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் தினசரிச் செலவுக்கு, இளஞ்சிவப்புப் பக்கம் ரொக்கத்துக்கு, மஞ்சள் பக்கம் வங்கிக்கு. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் ஆட்கள் நம் கூட்டங்களை வீடியோ எடுத்து, நிழல் பதிவேடு ஒன்றைத் தனியாக எழுதுவார்கள். நாற்காலிக்கு இவ்வளவு, டீக்கு இவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலகம் விலைப்பட்டியல் போட்டிருக்கும். உங்களுக்கு ஓசியில் கிடைத்த பந்தலுக்கும் அந்த விலைதான் கணக்கு. நட்சத்திரப் பேச்சாளர் வரும் கூட்டத்தில் மேடையில் அவரோடு நின்றால் அந்தச் செலவில் ஒரு பங்கு உங்கள் தலையில் ஏறும். பிரசாரம் நடக்கும்போதே மூன்று முறை கணக்கைக் காட்ட வேண்டும், முடிவு வந்து 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கவே முடியாது. தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். என் ஜூனியர் ஒரு பெண், இரவு முழுக்க உட்கார்ந்து எழுதிய அந்தப் பதிவேட்டின் நகல்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, ரசீதுகளோடு வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

2016 மே 19-ம் தேதி முடிவு வந்தது, ஜெயித்தேன். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகம் ஆகும், அதை விட்டுவிடுகிறேன். முடிவு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் யார் வேண்டுமானாலும், வேட்பாளரோ வாக்காளரோ, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். மனு போடுபவர் செலவுக்கு ஈடாகக் கட்ட வேண்டியது 2,000 ரூபாய். என் எதிர்வேட்பாளர் கெடு முடியும் தறுவாயில் போட்டார். மனைவியின் நிலத்தை மறைத்தேன், செலவை மறைத்தேன் என்று இரண்டு குற்றச்சாட்டு. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. என் வழக்கு 2019 வரை நடந்தது. ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசம் பற்றிய வழக்கு, அதே 2016 தேர்தலைப் பற்றியது, 2019 அக்டோபரில்தான் மறு எண்ணிக்கை உத்தரவு வரை போனது, அதன் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆகவே யாராவது "ஆறு மாசத்துல முடிஞ்சிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பதவிக்காலத்தின் பெரும்பகுதிக்கு அது தலைக்கு மேல் தொங்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் திட்டமிடுங்கள்.

சாட்சிக் கூண்டில் நான் ஏறிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவன் நான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூட்டுப் பட்டாவின் நகலை என் கையில் கொடுத்து, "இதில் உங்கள் மனைவியின் பெயர் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். நான் விடுதலைப் பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "கேட்டதற்கு மட்டும் பதில்" என்றார். இருக்கிறது என்றேன். தட்டச்சு செய்பவர் அதை அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது, கை நடுங்கியது. பட்டா நகலைக் கூண்டின் விளிம்பில் வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன். எத்தனை விவசாயிகளை இப்படி நிறுத்தியிருப்பேன் என்று அன்று இரவு எழும்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது நினைத்துக்கொண்டேன். குறுக்கு விசாரணை முடிந்து என் வழக்கறிஞர் என்னை மறுபடி விசாரித்தபோது, பதிவான பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சான்றாவணங்களாகக் குறியீடு செய்தார். பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவுதான், உரிமை மூலம் ஆகாது என்பது பழைய சட்டம். அந்த அடிப்படையில் முதல் குற்றச்சாட்டும், பதிவேட்டின் நகலால் இரண்டாவதும் விழுந்தன. மனு தள்ளுபடியானது. தேர்தல் வழக்கில் மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குத்தான், அவர் போகவில்லை. ஆனால் மூத்த வழக்கறிஞர் கட்டணம், ரயில், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 9 லட்சம் போனது. 2024-ல் ஓர் அருணாசலப் பிரதேச வழக்கில், ஒவ்வொரு சிறு சொத்தையும் சொல்லாததே தேர்தலைக் கவிழ்க்கும் குறை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைப் படித்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. இருந்தாலும் அதை நம்பி எதையும் எழுதாமல் விடாதீர்கள். தீர்ப்பு வரும் வரை பணமும் தூக்கமும் நம்முடையதுதான்.

இனி தொழில். எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே வக்கீல் தொழில் செய்யலாமா என்றால், செய்யலாம். 2018 தொடக்கத்தில் இது பெரிய சர்ச்சையானது. சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் வக்கீலாக இருக்கக் கூடாது என்கிற பார் கவுன்சில் விதி 49 மக்கள் பிரதிநிதிகளுக்கும் பொருந்தும் என்று வாதம். 2018 செப்டம்பர் 25-ம் தேதி உச்ச நீதிமன்றம், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வாங்குவது சம்பளமானாலும் அங்கே முதலாளி தொழிலாளி உறவு இல்லை, விதி 49 பொருந்தாது என்று முடித்துவைத்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் பத்திரிகையில் செய்தியைப் படித்துவிட்டு, "சார், உங்க லைசென்ஸ் போயிடுமாமே" என்று கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொன்று, அரசு வழக்கறிஞராகப் பதவியில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆதாயம் தரும் பதவி என்று அரசியலமைப்பின் 191-வது பிரிவில் மாட்டுவார்கள். ராஜஸ்தானில் ஒரே ஒரு வழக்குக்காகச் சிறப்பு அரசு வழக்கறிஞராக இருந்த காந்தா கதூரியா 1967-ல் ஜெயித்தபின், அந்தத் தேர்தலையே உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1969-ல் உச்ச நீதிமன்றம்தான் காப்பாற்றியது. அந்தப் பாடு யாருக்கும் வேண்டாம். மனுத்தாக்கலுக்கு முன்பே ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட உத்தரவைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அனுமதி இருக்கிறது என்பது வேறு, நடத்த முடியும் என்பது வேறு. கூட்டத்தொடர் நடக்கும்போது சென்னையில், சட்டமன்றம் கூடும் கோட்டையில் இருக்க வேண்டும், மற்ற நாளில் தொகுதியில் இருக்க வேண்டும். வாய்தா இதையெல்லாம் பார்த்து வருவதில்லை. வரப்புத் தகராறு வழக்கு ஒன்று; கட்சிக்காரர், அதாவது என்னிடம் வழக்கைக் கொடுத்தவர், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடந்த வாரத்தில் அந்த வழக்கு பட்டியலில் வந்தது. ஜூனியர் பக்கத்து ஹாலில் வேறொரு சாட்சியோடு இருந்த நேரத்தில் கூப்பிட்டு, எங்கள் தரப்பில் யாரும் வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. 30 நாளுக்குள் மனு போட்டு, செலவுத்தொகையை நானே கட்டி மீட்டுவிட்டோம். ஆனால் அந்தப் பாட்டி என் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து, "நீ மெட்ராஸ் போயிட்டே தம்பி, எனக்கு வேற யாரு இருக்கா" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே விசாரணை கட்டத்தில் இருந்த வழக்குகளை எல்லாம் வேறு வக்கீல்களுக்கு மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். பார் கவுன்சில் விதிப்படி போதிய அவகாசம் கொடுக்க வேண்டும், வேலை செய்யாத பகுதிக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். அப்படித் திருப்பிக் கொடுத்ததே 6 லட்சத்துக்கு மேல். மாதம் ஒன்றரை லட்சம் அளவில் வந்துகொண்டிருந்த வருமானம் ஒரு வருடத்துக்குள் சுத்தமாக நின்றது. குமாஸ்தா பதினைந்து வருடமாக என்னோடு இருந்தவர், அவருக்குச் சம்பளம் மட்டும் நிறுத்தவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது: மனுத்தாக்கலுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே புது வக்காலத்துகளில் நம்பிக்கையான இன்னொரு வழக்கறிஞரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஃபீஸை எப்படிப் பிரிப்பது என்று அவரோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தாலும் கட்டு கைவிட்டுப் போகாது, கட்சிக்காரரும் அநாதையாக நிற்க மாட்டார்.

தொகுதி மக்கள் வருவது வேறு மாதிரி. காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்பார்கள். அதில் பாதி சிவில் தகராறு. "வக்கீல் சார், இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க" என்பார்கள். கோர்ட்டில் நிலுவையில் இருக்கிற விஷயம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஒரே வழக்கின் இரண்டு தரப்பும் என் வாசலில் அடுத்தடுத்து நின்றிருக்கிறார்கள்; ஒருவர் என் பழைய கட்சிக்காரர், மற்றவர் எனக்கு ஓட்டுப் போட்டவர். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வது சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவில், இப்போது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவில், பாதுகாக்கப்பட்டது. எம்.எல்.ஏ.விடம் குறைகேட்பு நேரத்தில் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம்மை வக்கீலாக நினைத்து எல்லாவற்றையும் கொட்டுவார்கள், நாளைக்கு நம்மையே சாட்சியாகக் கூப்பிட வழி இருக்கிறது. அதனால் வழக்குச் சம்பந்தமாகப் பேச வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி, இலவசச் சட்ட உதவி மையத்துக்கோ வேறு வக்கீலுக்கோ சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதை வழக்கமாக்கினேன். கோபப்பட்டவர்கள் உண்டு. தொகுதி அலுவலகத்தையும் வக்கீல் அலுவலகத்தையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள், இந்தக் குழப்பத்தில் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கிறது.

சட்டமன்றத்துக்குள் வக்கீல் படிப்பு உதவுகிறதா? உதவுகிறது, நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. வாதத் திறமையால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. பேசுவதற்கான நேரம் கட்சிக்கு ஒதுக்கப்படும், கட்சிக்குள் கொறடா (கட்சி உறுப்பினர்களை அவையில் வழிநடத்தும் பொறுப்பாளர்) பிரிப்பார், நமக்கு வருவது சில நிமிடங்கள். 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மாற்றி 2017-ல் புதுச் சட்டம் வந்தபோது நான் மிகுந்த ஆவலோடு இருந்தேன். என் தொழிலில் பாதி வாடகை வழக்குகள்தான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத பழைய குடித்தனக்காரர்கள் என்னாவார்கள் என்று பேச பத்துப் பக்கம் குறிப்பு வைத்திருந்தேன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மசோதாக்கள் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் கொத்தாக வந்து நிறைவேறுகின்றன. அப்புறம்தான் பேரவை விதிகள் புத்தகத்தை ஒரு சிவில் நடைமுறைச் சட்டம் போல உட்கார்ந்து படித்தேன். திருத்தம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். மானியத்தைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம், அவசரப் பிரச்சினையை எழுப்பும் கவன ஈர்ப்பு, எழுத்துக் கேள்வி எல்லாமே காகிதத்தில் ஜெயிப்பவை. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையோடும் வருகிற கொள்கை விளக்கக் குறிப்பை வரி விடாமல் படித்தால், அமைச்சரின் உறுதியைப் பேரவைக் குறிப்பில் ஏற்றிவிடலாம். ஏறிவிட்டால் பேரவையின் உறுதிமொழிக் குழு வருடக்கணக்கானாலும் அதைத் துரத்தும். எங்கள் தொகுதியில் ஒரு சார்பு நீதிமன்றக் கட்டடத்துக்கு நான் அப்படித்தான் வழி செய்தேன், மேடையில் பேசி இல்லை. பேரவைக்குள் பேசுவதற்கு அரசியலமைப்பின் 194-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு, அதையே வெளியே வந்து பேட்டியில் சொன்னால் அவதூறு வழக்கு வரும். நீதிபதிகளின் நடத்தையை உள்ளேயும் பேசக் கூடாது, 211-வது பிரிவு தடுக்கிறது. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டால் 194 காப்பாற்றாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தைப் பாடப்புத்தகத்தில் படித்ததும் உள்ளே உட்கார்ந்து அனுபவிப்பதும் ஒன்றல்ல. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், போடாமல் இருந்தாலும் பதவி போகும். 2017 செப்டம்பரில் அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தது ஓட்டுப் போட்டதற்காக இல்லை. முதலமைச்சருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்ததைத் தாங்களாகவே கட்சியை விட்டு விலகியதாகச் சபாநாயகர் எடுத்துக்கொண்டார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்து, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி அதை உறுதி செய்தார். ஒவ்வொரு வழக்கிலும் சுயமாக யோசித்துக் கருத்துச் சொல்லிப் பழகிய வக்கீலுக்கு இந்த மூச்சுமுட்டல் கஷ்டமானது. கையெழுத்துக் கேட்டு எந்தக் காகிதம் வந்தாலும், அது நண்பர் கொண்டுவந்ததாக இருந்தாலும், ஒரு ராத்திரி வைத்துப் படித்துவிட்டே போட்டேன்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. நான் சேர்ந்தபோது படிகள் உட்பட 55,000, 2017 ஜூலையில் 1,05,000 ஆனது. தொகுதி மேம்பாட்டு நிதி கோடிக்கணக்கில், இப்போது வருடத்துக்கு 3 கோடி, பேசப்படும். அதில் ஒரு ரூபாய் கூட நம் கைக்கு வராது. பணிகளை நாம் பரிந்துரைக்கிறோம், செய்வதும் பணம் கொடுப்பதும் அதிகாரிகள். ஆனால் ஊருக்கு அது தெரியாது. முகூர்த்த நாளில் ஏழெட்டுக் கல்யாணம், மொய் எழுதாமல் வர முடியாது. காதணி விழா, கோயில் கொடை, கபடிப் போட்டி, துட்டி வீட்டுக்கு மாலை, கார் டீசல், வருகிறவர்களுக்குக் காபி என்று சம்பளம் இருபதாம் தேதிக்குள் தீரும். வீடு மனைவியின் ஆசிரியைச் சம்பளத்தில் ஓடியது. தேர்தலுக்கு அடகு வைத்த அவருடைய நகையைப் பதவிக்காலம் முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் மீட்டேன். நேர்மையாக இருக்க நினைக்கிறவர்கள் வீட்டுச் செலவுக்கு இரண்டு வருடப் பணமாவது தனியாக ஒதுக்கிவிட்டு, அதைத் தொடாமல் தேர்தலில் இறங்குங்கள். ஊரில் பெரிய மனிதராகத் தெரிகிற ஆளுக்கு யாரும் கைமாற்று கொடுக்க மாட்டார்கள்.

2021-ல் எனக்குச் சீட் இல்லை. பட்டியலை டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கூடத்தில் இருந்த முப்பது பேரில் மாலைக்குள் நான்கு பேர் மிஞ்சினார்கள். வலித்தது, மறைக்கவில்லை. மறுபடி கோர்ட்டுக்குப் போனபோது கொரோனா இரண்டாம் அலை. வழக்குகள் காணொலியில் ஓடின, மின்னணுத் தாக்கல் வந்திருந்தது, என்னிடம் ஜூனியராக இருந்த பெண் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். பழைய கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வரவில்லை. அவர்கள் போன வக்கீலிடமே நிலைத்துவிட்டார்கள், அதில் தப்பும் இல்லை. புதிதாக வருபவர்கள், நான் நின்றால் வழக்கின் எதிர்த்தரப்பு வேண்டுமென்றே வழக்கை இழுக்கும் என்று பயந்தார்கள். தொண்டர்கள் பாசத்தில் கோர்ட் வாசலில் 'மீண்டும் வழக்கறிஞர் பணியில்' என்று என் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது, புகார் போனால் நடவடிக்கை நம்மீதுதான். அன்று மதியமே நின்று கழற்றச் சொன்னேன். பெயர்ப்பலகையில் 'முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதியிருந்ததையும் அழித்துவிட்டேன். அப்புறம் தினமும் பத்தரைக்கு முன்சீப் கோர்ட்டில் போய் உட்கார ஆரம்பித்தேன், வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மற்ற வக்கீல்களுக்காக வாய்தா வாங்கிக் கொடுத்தேன், கோர்ட் நியமிக்கும் ஆணையர் வேலைகளை ஏற்றுக்கொண்டேன். முதல் சொந்தக் கட்டு வர எட்டு மாதம் ஆனது. இப்போது பழைய வருமானத்தில் பாதிக்கு மேல் வந்திருக்கிறது. திரும்பி வருகிறவர்கள் உயர் நீதிமன்றத்திலோ பெரிய வழக்கிலோ தொடங்கப் பார்க்காமல், முன்பு உங்களைப் பார்த்துப் பழகிய அதே கீழ்க்கோர்ட்டில் தினமும் கண்ணில் படுங்கள். கட்டு அங்கிருந்துதான் வருகிறது.